புரியவில்லை ஐயா, மறுபடி சொல்லுங்கள்

அவைக்குத் தலைமையேற்று, எங்கள் ஆத்திரத்தையும் ஆற்றாமையையும் ஒருசேரக் கட்டிக்காத்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார் அவர்களே! வரவேற்புரை என்று தொடங்கி வாழ்க்கை வரலாறு வரைக்கும் போய்த் திரும்பிவந்த வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே! வேலை முடிந்த களைப்போடு, கழற்றாத சீருடையோடு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் பெரியவர்களே! முன்வரிசை முழுவதும் கண்களையே காதுகளாக்கிக் காத்திருக்கும் என் சொந்தங்களே, என் சுற்றமே, என் சொல்லுக்குச் சொந்தக்காரர்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்குக் காது கேட்காது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசையுங்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். ஆமாம், அப்படித்தான். பின்வரிசையில் ஒரு ஐயா ஒற்றைக் கையை மட்டும் தூக்கியிருக்கிறார். பேருந்தை நிறுத்துகிறீர்களா ஐயா? இன்னொரு கையும் சேரட்டும்.

நான் பேச்சாளர் அல்லேன். பிறர் பேசுவதைக் கைகளால் சொல்லுகிறவள். காது கேளாதவர்கள் கைகளால் சொல்வதை உரக்கப் பேசுகிறவள். என் தாய்க்கும் கேட்காது, தந்தைக்கும் கேட்காது. வீட்டில் நான் முதலில் கற்றது கைமொழி. வாய்மொழி தெருவில் கற்றது. இன்று எனக்குப் பக்கத்தில் நின்று என் பேச்சைக் கைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாரே இந்தத் தம்பி, அவரும் என் தொழில்தான். நான் அடுக்குமொழியில் ஆர்ப்பரித்தால் அவருடைய தோள்பட்டை இறங்கிவிடும். இப்போதே என்னை முறைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, மேடை கிடைப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

எதற்கு என்னை இந்தக் கண்டனக் கூட்டத்தின் மேடையில் ஏற்றினார்கள்? நாட்டின் தலைவரிடம் ஒரு குடிமகன் கேட்ட கேள்விக்கு நான் குரல் கொடுத்தேன், அதற்காக. அந்தக் கேள்வி எங்கே பிறந்தது, அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதை நேரில் பார்த்தவள் சொல்ல வேண்டும் என்று அம்மையார் பணித்தார்கள். சொல்லுகிறேன்.

முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே, சாம்பல் நிறச் சட்டை, அவரை எங்கள் வட்டாரத்தில் பட்டறைக்காரர் என்பார்கள். இரும்பு பீரோ செய்கிற பட்டறை. தகடு அடிக்கிற சத்தத்தில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இவருக்குப் பஞ்சுச் செலவு இல்லை. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ஒரு தம்பி. அவனுக்கும் பிறவியிலேயே கேட்காது. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற இயந்திரத்தில் வேலை. அண்ணன் வீட்டில்தான் இருந்தான். அண்ணியோடு தினமும் சண்டை போடுவான், அண்ணி கையால்தான் சாப்பிடுவான்.

ஒரு பிற்பகல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கையில் அண்ணிக்கு ஒரு பொட்டலம் ரொட்டி. சந்தைத் தெருவில் ஏதோ ஒரு கூட்டத்தைக் காவலர்கள் கலைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தெருவே நின்றது. இவன் மட்டும் நடந்தான். நடக்காமல் என்ன செய்வான்? கேட்டால்தானே நிற்பான்? பின்னாலிருந்து பிடித்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பி இரண்டு கைகளாலும் சொன்னான், எனக்குக் கேட்காது, எனக்குக் கேட்காது என்று. கையை ஓங்குகிறான் என்று அந்தக் கைகளையே பின்னால் கட்டினார்கள்.

தாய்மார்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்கள் வாயை ஒருவன் பொத்திவிட்டு, பேசு பேசு என்று உலுக்கினால் என்ன செய்வீர்கள்? அவனுக்கு நடந்தது அதுதான். வாய் திறக்க மறுக்கிறான் என்றார் அதிகாரி. பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்தச் சட்டத்தில் பிடித்தால் எதற்குப் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டியதில்லை. வீட்டார் பார்க்க வேண்டியதில்லை. என்ன வசதி பாருங்கள், காது கேட்காதவனைப் பிடிக்க, காரணம் சொல்லாத சட்டம்.

அண்ணன் ஏறாத படி இல்லை. கூடவே நானும் ஏறினேன். காவல் நிலையத்தில் கேட்டோம், மாவட்ட அலுவலகத்தைக் காட்டினார்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டோம், தலைநகரத்தைக் காட்டினார்கள். தலைநகரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அம்மா இருந்தார். பாவம், நல்ல மனுஷி. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, விரலை மேலே காட்டி, மேலிடம் என்றார். பட்டறைக்காரர் அந்த விரலையே பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். மாடியில் யாரும் இல்லை அண்ணே, நாட்டின் தலைவரைச் சொல்கிறார்கள் என்றேன். சரி, அப்போ அவரையே கேட்போம் என்றார். நான் ஏதோ விரக்தியில் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. அப்போதுதான் அந்த விழா வந்தது. காது கேளாதோருக்கு ஒரு புதிய பயிற்சிக் கூடம் கட்டி முடித்திருந்தார்கள். தலைவர் வந்து திறக்கிறார், பயனாளிகளோடு மனம்விட்டு உரையாடுகிறார், தொலைக்காட்சியில் நேரலை என்றார்கள். மனம்விட்டு உரையாடுவதற்கு முந்தின நாளே ஒத்திகை நடந்தது. சிரிக்காதீர்கள், உண்மை. தலைவரின் செயலாளர் வந்தார். கசங்காத சட்டை, கலையாத தலை. மூன்று பேர் மூன்று கேள்வி கேட்க வேண்டும், மூன்றையும் நானே தருகிறேன் என்றார். மூன்றாவது கேள்வி பட்டறைக்காரருக்கு வந்தது. இலவச பஸ் பாஸை நீட்டிக்க முடியுமா என்பது கேள்வி. ஒத்திகையில் அவர் அதை அவ்வளவு அழகாக, அவ்வளவு பணிவாகக் கேட்டார். செயலாளர் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. என்னடா இது, மனிதர் பட்டறைக்கு நடந்தல்லவா போகிறார் என்று.

மறுநாள். மண்டபம் நிறைந்த கூட்டம். மேடை நிறைந்த பூங்கொத்து. தலைவர் வந்தார், அமர்ந்தார், புன்னகைத்தார். எனக்கு மேடையோரம் ஒரு சதுரம் கோடு போட்டிருந்தார்கள், அதைத் தாண்டக் கூடாது. சட்டையில் ஒரு சின்ன மைக் குத்தியிருந்தார்கள். முதல் கேள்வி முடிந்தது, இரண்டாவது கேள்வி முடிந்தது, கைகள் மேலே எழுந்து அசைந்தன. மூன்றாவதாகப் பட்டறைக்காரர் எழுந்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தலைவரை நேராகப் பார்த்தார். கைகளைத் தூக்கினார்.

அவர் பஸ் பாஸைக் கேட்கவில்லை.

அந்த நொடியை நான் எப்படிச் சொல்லுவேன்? கேள்வி கேட்டாகிவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. காது கேளாத அந்தப் பாதி உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. காது கேட்கும் மறுபாதி ஒன்றும் தெரியாமல் என் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. தலைவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பாதிக்கும் நடுவில் நான் நிற்கிறேன். செயலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "பஸ் பாஸ்தானே மேடம்?" என்றார். அவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். பஸ் பாஸ் என்று வாயால் சொல்லியிருந்தால் தலைவர் தந்தேன் என்றிருப்பார், கூட்டம் மகிழ்ந்திருக்கும், எனக்கு அடுத்த விழாவுக்கும் அழைப்பு வந்திருக்கும். பயம் இல்லையா என்கிறீர்களா? இருந்தது அம்மா. ஆனால் முன்வரிசையில் நூறு கண்கள் என் உதட்டைப் பார்க்கின்றன. என் பெற்றோரைப் போன்றவர்களின் கண்கள். அந்தக் கண்களுக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்லுவது? அவர் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.

"தலைவரே, என் தம்பியைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. எதுக்குன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு ஆளைப் பிடிச்சா, எதுக்குப் பிடிச்சோம்னு அவன்கிட்ட சொல்லணுமா, வேண்டாமா? உங்க கருத்து என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

இதுதான் கேள்வி. இதில் வசை உண்டா? வம்பு உண்டா? வன்முறை உண்டா? விடுதலை செய் என்றுகூட அவர் கேட்கவில்லையே! ஒரு குடிமகன், தன்னை ஆளுகிறவரிடம், உன் கருத்து என்ன என்று கேட்டார். செயலாளரின் மூச்சு என் கழுத்தில் சுட்டது.

தலைவர் பதறவில்லை. பழுத்த அரசியல்வாதி அல்லவா? புன்னகை மாறாமல் தொடங்கினார். உரிமை என்பது இந்த நாட்டின் உயிர்நாடி என்றார். சுதந்திரம் நமது சுவாசம் என்றார். கடமையும் கட்டுப்பாடும் கைகோத்து நடக்கும் காலம் இது என்றார். என்னைவிட அழகான மேடைத்தமிழ், பொறாமையாக இருந்தது. காது கேட்கும் பாதி கைதட்டியது. நான் அதைக் கைகளில் சொல்லத் தொடங்கினேன். தொடங்கினேன், நின்றேன். மறுபடி தொடங்கினேன், மறுபடி நின்றேன். பட்டறைக்காரர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுச் சின்னதாக, மார்புக்கு நேராக, என்னிடம் மட்டும் கேட்டார். "என்ன தங்கச்சி சொல்றாரு? சொல்லணுங்கிறாரா, வேண்டாங்கிறாரா?"

எனக்குத் தெரியவில்லையே! நான் என்ன சொல்லுவேன்?

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காது கேட்கிறவர்கள் வீட்டில், புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுப் போவோம். மருத்துவர் பேசினால் தலையாட்டுவோம், வங்கியில் பேசினால் தலையாட்டுவோம், மாமியார் பேசினால் கேட்காமலேயே தலையாட்டுவோம். எங்கள் வீட்டில் அது நடக்காது. புரியாமல் நான் தலையாட்டினால் அம்மா என் தாடையைப் பிடித்து நிறுத்துவார். உள்ளங்கையை முன்னால் நீட்டி, நில், புரியவில்லை, மறுபடி சொல் என்று கேட்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. தொழிலிலும் எங்களுக்கு அதுவே விதி. யார் பேசினாலும், பொருள் விளங்கவில்லை என்றால் நிறுத்திக் கேட்க வேண்டும். பள்ளி ஆசிரியரை நிறுத்தியிருக்கிறேன், அறுவைசிகிச்சை மருத்துவரை நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், யார் எதிரில் இருக்கிறார் என்பதே மறந்து, என் உள்ளங்கை தானாக நீண்டது.

"புரியலைங்க ஐயா. மறுபடி சொல்லுங்க" என்றேன்.

துணிச்சல் என்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை. பழக்கம். பழக்கதோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாடே அதை நேரலையில் பார்த்தது. அந்த நாற்காலியில் அவர் அமர்ந்த நாள்முதல் யாரும் அவரிடம் புரியவில்லை என்று சொன்னதில்லை போலும். ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்து, இன்னும் அழகாக, இன்னும் நீளமாக, மக்களும் மண்ணும் மாண்பும் என்று தொடங்கினார். எனக்கும் அவசரம். பட்டறைக்காரர் காத்திருக்கிறார். மறுபடியும் கையை நீட்டினேன்.

"இல்லைங்க ஐயா, எனக்கு இன்னும் புரியலை. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல? காரணம் சொல்லணுமா, வேண்டாமா?"

சிரிப்பு நின்றது. தலைவர் முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் இருந்த மேடை இறங்கிவிட்டது. வீட்டில் பேசுகிற மாதிரி, கொஞ்சம் சலிப்போடு, என்னிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்க முடியாதும்மா. ஏன் பிடிச்சோம்னு எங்களுக்குத் தெரியும். அது போதும்."

புரிந்தது. இந்த முறை என் கைகள் தயங்கவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியும். அது போதும். சொல்லி முடித்து நிமிர்ந்தேன். முன்வரிசையில் ஒரு கை அசையவில்லை. கைகளே பேச்சாக வாழ்கிறவர்கள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதைவிடப் பெரிய மௌனம் உலகத்தில் உண்டா? பட்டறைக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் குரலில் அவர் கடைசியாகச் சொன்னது இது. "நன்றிங்க. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஒருத்தர் தெளிவா பதில் சொல்லியிருக்கீங்க." தலைவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். கைகூப்பினார்.

விழா முடிந்தது. மேடைக்குப் பின்னால் செயலாளர் என்னை மறித்துக்கொண்டார். உங்களை யார் கேள்வி கேட்கச் சொன்னது என்றார். நான் கேள்வி கேட்கவில்லையே, புரியவில்லை என்றுதானே சொன்னேன் என்றேன். அரசு விழாக்களுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை இப்போது. போகட்டும், கழுத்தில் மூச்சு விடுகிறவர்கள் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல் போகவில்லை. அது போதும் என்ற சொல் வீடு வீடாகப் போனது, வீதி வீதியாகப் போனது. இதோ இருக்கிறாரே வழக்கறிஞர் சங்கத் தலைவர், இவர் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனார். காரணத்தை உரிய காலத்தில் சொல்லுவோம் என்று அதுவரை அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லவே போவதில்லை என்று தலைவரே சொல்லிவிட்டாரே, எதை நம்புவது என்று இவர் கேட்டார். தம்பியை அண்ணன் பார்க்கலாம், கைமொழி தெரிந்தவர் உடன் போகலாம் என்று மட்டும் முதலில் அனுமதி கிடைத்தது.

பெருமக்களே! அடுத்த வாரம் அந்தப் பாதுகாப்புச் சட்டம் நீட்டிப்புக்காக நாடாளுமன்றத்துக்கு வருகிறது. உங்கள் பிரதிநிதி வாக்களிக்கப் போகிறார். அவர் கருத்து என்ன? கேட்டீர்களா? நீங்கள் வாக்களித்து அனுப்பியவர்தானே? உங்கள் தெருவுக்கு வந்து உங்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவர்தானே? போங்கள், போய்க் கேளுங்கள். அவர் அழகாகப் பேசுவார், கைதட்டாதீர்கள். அருமையாகப் பேசுவார், தலையாட்டாதீர்கள். அடுக்கடுக்காகப் பேசுவார், அசந்துபோகாதீர்கள். புரியவில்லை ஐயா, மறுபடி சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது குறுக்கீடு. ஊரே கேட்டால் அது உரிமை! கேட்பீர்களா? கேட்பீர்களா?

கைகள் உயர்வதைப் பார்க்கிறேன். இந்த முறை எல்லாரும் இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறீர்கள்.

அம்மையார் மணியடித்துவிட்டார்கள். பொறுத்தருள வேண்டும் அம்மா, ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அடுக்குமொழி இல்லாமல் சொல்லுகிறேன்.

தம்பியைப் பார்க்கப் போனோம். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவன். கதவருகே ஒரு காவலர், அவருக்காக நான் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. பையன் பாதியாகியிருந்தான். மாதக்கணக்கில் அவனோடு யாரும் கையால் பேசவில்லை. கைகள் முதலில் தடுமாறின. அண்ணன் அவற்றைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். பிறகு அவன் பேசத் தொடங்கினான்.

ஒரு தட்டு ரொட்டியைக் கருகவிட்டுவிட்டு அடுப்பு மேல் பழி போட்டேன், இதுக்காகவா என்று கேட்டான். அண்ணன் தலையசைத்தார், இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கல்லால் அடித்தேன், இதுக்காகவா என்றான். இல்லை. அண்ணியின் செருப்பை ஒளித்துவைத்துத் தேடவிட்டேன், அவங்க புகார் சொல்லிட்டாங்களா, இதுக்காகவா என்றான். ஒவ்வொன்றையும் நான் காவலருக்கு உரக்கச் சொன்னேன். அந்தக் காவலர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எதற்குப் பிடித்தார்கள் என்று சொல்லாததால், அந்தப் பிள்ளை தன் வாழ்க்கை முழுவதையும் தோண்டித் தோண்டி, தனக்கு ஒரு குற்றத்தைத் தானே தேடிக்கொண்டிருந்திருக்கிறான். நேரம் முடிந்தது என்று காவலர் மெதுவாகச் சொன்னார். எழுந்து போகும்போது அவன் திரும்பினான். கடைசியாக ஒன்று கேட்டான். அதையும் நான் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா செத்தப்போ எனக்கு அழுகை வரலை. இதுக்காகவாண்ணே?"

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

வாய்ப்பளித்த அம்மையாருக்கும், கைகள் ஓயாமல் என் சொல்லைச் சுமந்த தம்பிக்கும், நின்றும் இருந்தும் கேட்டும் பார்த்தும் என்னைத் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.